இடியப்பம் என்ற பாம்புக்கு ஒரு ஹீட்டர்

நான் ஒரு மலைப்பாம்புக்குப் பால் வைத்தவன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

வேலையில் சேர்ந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை அது. மெல்பேர்ணின் டண்டினொங் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு டயர் கடைக்குப் பக்கத்தில், பாம்பு, ஓணான், ஆமை விற்கிற கடை. கோழித் தொழிற்சாலையில் கை மரத்துப்போய் வேலை தேடிக்கொண்டிருந்தபோது, "பாம்பு பழக்கமா?" என்று கேட்டார்கள். "எங்கள் ஊரில் பாம்புக்குக் கோயிலே இருக்கிறது" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அந்தக் கோயிலிலும் நான் கடைசி வரிசையில்தான் நிற்பேன் என்பதைச் சொல்லவில்லை.

அன்றைக்குத் தலைக்குக் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு போனேன். முதலாளி தன் தேநீருக்கு வைத்திருந்த பாலை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, இருந்ததிலேயே பெரிய பாம்பின் பெட்டிக்குள் வைத்தேன். கையைக் கூப்பி, "நாகதம்பிரானே, எனக்குப் பயம். உனக்கும் தெரியும். இந்த வேலை எனக்கு வேண்டும்" என்று மனதுக்குள் சொன்னேன். பாம்பு வந்தது. கிண்ணத்தை முகர்ந்து பார்க்கவும் இல்லை, அதன்மேல் ஏறிப் போனது. கிண்ணம் கவிழ்ந்தது. பால் வயரைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கீழே தரையில் கிடந்த பவர் போர்டுக்குள் போனது. "டப்" என்று ஒரு சத்தம். கடை முழுக்க இருட்டு. எல்லாப் பெட்டியிலும் சூடு நின்றுவிட்டது. இருட்டுக்குள் அத்தனை பாம்புகளும் நானும்.

முதலாளியம்மா மார்லீன் டோர்ச் லைட்டோடு வந்தார். கட்டையான உருவம், கனத்த சப்பாத்து, கழுத்தில் கயிற்றில் தொங்குகிற கண்ணாடி. அவர் பேசியது ஆங்கிலம். என் காதில் விழுந்த தமிழிலேயே எழுதுகிறேன். கிண்ணத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இது பாம்பின் பாலா, என் பாலா?"

"உங்கள் பால்."

"இனி நீ கறுப்புத் தேத்தண்ணி குடி."

அவ்வளவுதான் ஏச்சு. பிறகு குனிந்து வயரைக் காட்டினார். "பார், நேராக இறங்கிப் பிளக்கில் முடிகிறது. வயர் முதலில் பிளக்கைவிடக் கீழே இறங்கி, வயிறு மாதிரித் தொங்கி, பிறகுதான் மேலே ஏறிப் பிளக்குக்குப் போகவேண்டும். அப்போது பாலோ தண்ணீரோ வயிற்றில் வந்து சொட்டிவிடும். பிளக்குக்குள் போகாது. பால் வைத்தது நீ. வயரை இப்படிக் கட்டியது நான்." அன்றைக்குக் கடை பூட்டும்வரை இரண்டு பேரும் எல்லா வயருக்கும் வயிறு வைத்தோம்.

மெல்பேர்ணுக்கு நான் படகில் வந்தவன். தற்காலிக விசா, தற்காலிக அறை, தற்காலிக மெத்தை. ஊரில் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிற வேலை செய்தவன் என்பதால் வயரோடு மட்டும் நிரந்தர உறவு. பாம்பைப் பிடிக்கப் பழக ஒரு வருசம் எடுத்தது. பாம்பு என்னிடம் பழக அவ்வளவு எடுக்கவில்லை. அதற்குப் பிறகு மார்லீன் என்னை வீடுகளுக்கு அனுப்பினார். பாம்பு வாங்கியவர்களின் வீட்டில் பெட்டியை வைத்து, சூட்டை ஒழுங்குபடுத்திக் கொடுப்பதுதான் என் வேலை. சனம் எனக்குப் "பாம்பண்ணை" என்று பெயர் வைத்தது. கலியாண வீடுகளில் பிள்ளைகள் என் பைக்குள் எட்டிப் பார்ப்பார்கள்.

இப்போது முதுகுத் தட்டு விலகி, வேலையை விட்டு வீட்டில் இருக்கிறேன். ரிட்டயர் ஆகிவிட்டேன் என்று சொன்னால் ஆட்கள் என் தலைமயிரைப் பார்த்து, இந்த வயதிலா என்கிறார்கள். மயிர் சாயம். முதுகு மட்டும் அசல்.

போன மாதம் கடையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி எனக்குப் போன் எடுத்தாள். இப்போதெல்லாம் பெட்டியின் சூட்டைக் கைப்பேசியிலேயே கூட்டிக் குறைக்கலாமாம். வேலைக்குப் போன இடத்திலிருந்தே பார்க்கலாமாம். "அப்படியிருக்க, வாடிக்கையாளர் வீட்டில் ஏன் அவ்வளவு நேரம் குந்தியிருந்து பார்க்கச் சொல்கிறார்கள்? நீங்கள்தான் அப்படிச் செய்வீர்களாம்" என்று கேட்டாள். போனில் ஏதோ பகிடி விட்டுச் சமாளித்தேன். பகிடி இல்லாத பதில் இது.

பாம்புக்குத் தன் உடம்பில் சூடு கிடையாது. வெளியில் இருந்து வாங்க வேண்டும். ஆகவே பெட்டியின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். எது வேண்டுமோ அதை அதுவே ஊர்ந்துபோய் எடுத்துக்கொள்ளும். முழுப் பெட்டியையும் சூடாக்கினால் அது பெட்டி இல்லை, அடுப்பு. சூடு தருகிற பல்புக்கு மேல் கம்பிக் கூடு போட வேண்டும். இல்லையென்றால் பாம்பு பல்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுக்கும். தோல் வெந்தாலும் விலகத் தெரியாது, கத்தவும் தெரியாது. பெட்டிக்குள் மெல்லிய வயர் ஒன்று போகும். அதன் நுனிதான் சூட்டை உணர்ந்து, போதும் என்றால் பல்பை அணைக்கும், காணாது என்றால் எரிக்கும். அந்த நுனி பாம்பு படுக்கிற உயரத்தில், அசையாமல் இறுக்கி இருக்க வேண்டும். அது தண்ணீர்ச் சட்டிக்குள் விழுந்தாலோ வெளியே வந்துவிட்டாலோ, குளிர் என்று நினைத்து பல்பை எரித்துக்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் புத்தகத்தில் படிக்கலாம். மார்லீனின் சட்டம் புத்தகத்தில் இல்லை. எல்லாம் பூட்டி முடிந்தபிறகு, ஒரு கதிரையைப் போட்டுப் பெட்டிக்கு முன்னால் இரு. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார். சூடு ஏறும். பிறகு தானாக அணையும். பிறகு குளிரும். பிறகு தானாக எரியும். அது முடிந்தபிறகு வெளிக்கிடு. "எரிய வைக்க எந்த முட்டாளும் போதும்," என்பார். "அது அணைவதைக் கண்ணால் கண்டபிறகுதான் உன் வேலை முடிந்தது." எத்தனையோ வீடுகளில் அப்படி இருந்திருக்கிறேன். பாம்புக்காரன் வந்து பாம்புக்கு முன்னால் தியானம் செய்கிறான் என்று சிரித்தவர்கள் உண்டு.

ஒரு வீட்டில் மட்டும் அந்தச் சட்டம் என் கழுத்தைப் பிடித்தது.

குளிர்காலம். கடைக்கு ஒரு பெண்பிள்ளையின் அழைப்பு வந்தது. பெயர் நிலானி என்றாள். தமிழ்ப் பிள்ளை என்றதும் என் வாய் தானாக அகன்றது.

"அங்கிள், இடியப்பம் எந்த நேரமும் தண்ணிக்குள்ளயே கிடக்கு. இட்ஸ் நொட் ஈட்டிங்."

"இடியப்பமோ?"

"பாம்பின்ர பேர். சுருண்டு படுத்தா இடியப்பம் மாதிரி இருக்குமெண்டு வைச்சது."

"தண்ணிக்குள்ள கிடந்தா அது இடியப்பமும் சொதியும் பிள்ளை."

மறுபக்கத்தில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "அது அண்ணாவின்ர பாம்பு, அங்கிள். அண்ணா செத்துப் போனார்."

பகிடிக்காரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. விலாசத்தை வாங்கிக்கொண்டு அன்றே போனேன்.

விறாந்தையில் நிறையச் செருப்புகள் கிடந்த அடையாளம். இப்போது மூன்று சோடி மட்டும். கூடத்தில் அந்த அண்ணன் கஜனின் படம். இருபத்தைந்து வயது இருக்கும். மாலை, படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு. களஞ்சியத்தில் வேலை செய்தவன். வேலை முடிந்து வரும் வழியில் கார் விபத்து. தகப்பன் சிவபாதம் அண்ணை கராஜுக்குள் ஒரு கதிரையில் இருந்தார். என்னைக் கண்டு தலையை அசைத்தார், எழும்பவில்லை. தாய் தவமணி அக்கா என்னைக் கஜனின் அறைக்குக் கூட்டிப்போனார். வாசற்படியோடு நின்றுகொண்டார்.

"நான் உள்ளுக்கு வாறேல்லை தம்பி. அவன் அதை வாங்கின நாளிலை இருந்து இந்த அறையைக் கூட்டினதும் இல்லை. பாம்பைப் பாருங்கோ. லைட்டிலை மட்டும் கை வைக்காதேங்கோ."

அறை முழுக்கச் சிவப்பு வெளிச்சம். மரப்பெட்டி, முன்பக்கம் கண்ணாடி. செத்த வீட்டுக்கு வந்த சனம் பயப்படும் என்று பெட்டிக்கு மேல் ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு, காற்றுப் போகிற துளைகளையும் மூடியிருந்தார்கள். விரிப்பை எடுத்தேன். பல்புக்கு நேரே மேலே இருந்த பலகை கறுத்துக் கருகி, தொட்டால் கை சுட்டது. பல்புக்குக் கம்பிக் கூடு இல்லை. அது பக்கத்து அலுமாரியில், கடைப் பைக்குள், பிரிக்காமல் இருந்தது.

"சனிக்கிழமை பூட்டுறன் எண்டவர்," என்றாள் நிலானி.

இடியப்பம் கார்ப்பெட் பைதன் என்கிற மலைப்பாம்பு வகை. குளிர்ப் பக்கத்து மூலையில், தண்ணீர்ச் சட்டிக்குள் முழு உடம்பையும் திணித்துக்கொண்டு கிடந்தது. தண்ணீர் பாதி வற்றியிருந்தது. தூக்கியபோது கையில் தளர்ந்து தொங்கியது. முதுகில் என் உள்ளங்கை நீளத்துக்குத் தோல் வெந்து உரிந்திருந்தது. சுகமாக இருக்கிற பாம்பு நம் கையைச் சுற்றி ஒரு பிடி பிடிக்கும். இது பிடிக்கவில்லை. இன்னும் சில நாள் இப்படியே விட்டால் செத்துவிடும் என்று தெரிந்தது.

சூட்டை அளக்கிற வயரைத் தேடினேன். பெட்டிக்குள் இல்லை. பின்பக்கத் துளையால் அதை வெளியே இழுத்து, மேசைக்கு மேலால் கொண்டுபோய், யன்னல் விளிம்பில் இருந்த ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்குள் விட்டிருந்தார்கள். கோப்பை நிறையத் தண்ணீர். யன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. குளிர்காற்று நேரே கோப்பையில் பட்டது.

"இதை ஆர் செய்தது?"

நிலானி தெரியாது என்று தலையை ஆட்டினாள். வாசலில் இருந்து தவமணி அக்கா சொன்னார்: "நான்தான்."

"ஏன் அக்கா?"

"அது நூந்து நூந்தெல்லே எரியுது. அவன் போன அண்டு நான் உந்த லைட்டைப் பாத்துக்கொண்டு வாசல்லை படுத்திருந்தனான். டக்கெண்டு நூந்திட்டுது. எனக்கு உயிர் போய் வந்தது. பிறகு எரிஞ்சுது. பிறகும் நூந்திட்டுது. பிள்ளையைக் கேட்டன். அந்த வயருக்குச் சூடு பட்டா நூரும், குளிர் பட்டா எரியும் எண்டாள். அதுதான் குளிருக்கை வைச்சிருக்கிறன். தண்ணி சூடாகாம மாத்திறனான்."

பாம்புக்குப் பயந்து அந்த அறையைக் கூட்டாத மனுசி, கோப்பைத் தண்ணீரை மாற்ற மட்டும் உள்ளே வந்து போயிருக்கிறார்.

"கூடத்திலை விளக்கு எரியுதுதானே அக்கா."

"அது நாங்கள் ஏத்தினது. இது அவன் போட்டது. வேலைக்கு வெளிக்கிடேக்கை தன்ர கையாலை சுவிட்சைப் போட்டுட்டுப் போனவன். பின்னேரம் வந்து அவன்தான் நூக்கிறவன். வரேல்லை. முப்பத்தொண்டு முடியுமட்டும் இதை ஒருத்தரும் நூக்கப்படாது."

நான் சிரிக்கவில்லை. என் அப்பா செத்தபோது முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரை விளக்கு அணையக்கூடாது என்று யன்னல் இடுக்கெல்லாம் துணி அடைத்து, முறைபோட்டு எண்ணெய் விட்டவர்கள் நாங்கள். வீட்டில் ஒருவரும் விளக்குக்குப் பக்கத்தில் தும்மவும் மாட்டோம். அந்த வழக்கத்தில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. விளக்குத்தான் இந்த முறை பிழையான இடத்தில் எரிந்துகொண்டிருந்தது.

வெளியே போய் மார்லீனுக்குப் போன் அடித்தேன்.

"பலகை கருகியிருக்கிறதா?"

"ஓம்."

"பாம்பு?"

"முதுகில் புண். தளர்ந்துபோய்க் கிடக்கிறது."

"பிறகு எதற்கு எனக்கு அடித்தாய்?"

விளக்கின் கதையைச் சொன்னேன். எங்கள் வழக்கத்தையும் என் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு, "முதலாளி சொன்னார் என்று அந்த அம்மாவிடம் சொல்லாதே," என்றார். "நீ அணைக்கப்போகிறாய் என்றால், நான் அணைக்கப்போகிறேன் என்று சொல். அவருக்கு ஏச ஒரு ஆள் அந்த அறைக்குள் இருக்க வேண்டும்." வைத்துவிட்டார்.

அதுதான் மார்லீன். கெட்ட செய்தியை ஒருநாளும் போனில் சொல்லமாட்டார், இன்னொருவர் தலையில் கட்டியும் விடமாட்டார். யாருடைய பாம்பாவது செத்தால், தானே வீட்டுக்குப் போய், தொப்பியைக் கழற்றி, நின்றுகொண்டு சொல்வார். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார். அவர்கள் ஏசி முடிந்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டு வருவார். திரும்பும்போது வான் வண்டியில் நான் வாயைத் திறந்தால், "இப்போது பகிடி வேண்டாம்," என்பார்.

நான் திரும்ப உள்ளே போனேன். கருகிய பலகையைக் காட்டினேன். இது பிடித்தால் வீடு எரியும் அக்கா என்றேன். வெளிச்சமே இல்லாமல் சூடு மட்டும் தருகிற பீங்கான் ஹீட்டர் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன், அதைக் கூட்டுக்குள் வைத்துப் பூட்டினால் பாம்பு தப்பும் என்றேன்.

"வெளிச்சம் இல்லையோ?"

"இல்லை அக்கா."

"அப்ப அறை இருட்டு."

"இதே சிவப்பிலை ஒரு சின்ன லைட் சுவரிலை பூட்டி விடுறன். சூடில்லை. நூராமல் வருசக்கணக்கா எரியும்."

"நீ பூட்டினா அது உன்ர லைட்."

நிலானி அழத் தொடங்கினாள். "அம்மா, இட்ஸ் குக்கிங் ஹிம். அண்ணா பாத்தா உங்களை ஏசுவார்."

"ஏசட்டும். வந்து ஏசச் சொல்லு."

சத்தம் கேட்டுச் சிவபாதம் அண்ணை கராஜில் இருந்து வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கருகிய இடத்தைத் தொட்டுப் பார்த்தார். என் கையில் தொங்கிய பாம்பைப் பார்த்தார்.

தவமணி அக்கா அவரிடம் கேட்டார்: "நீங்கள் நூப்பீங்களோ?"

"என்னாலை ஏலாது தவம்."

"பிள்ளை?"

நிலானி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்கா பாம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அதைச் சரியாகப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல்முறை என்று நினைக்கிறேன். "நோகுமோ அதுக்கு?" என்றார்.

"நோகும் அக்கா. சொல்லத் தெரியாது."

"அவனும் ஆசுப்பத்திரியிலை ஒண்டும் சொல்லேல்லை." சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தினார். பிறகு, "அது சாகப்படாது. அதுவும் போயிட்டுதெண்டால் நான் அவனுக்கு என்னத்தைச் சொல்லுறது? நீ நூர். ஆனா அந்தச் சத்தம் எனக்குக் கேக்கப்படாது," என்றார்.

குசினிக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் மிக்சி இரையத் தொடங்கியது.

பாம்பை ஈரத் துணியில் சுற்றி நிலானியிடம் கொடுத்தேன். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள். மார்லீன் சொன்னபடி, "நான் அணைக்கிறேன் அண்ணை," என்று சிவபாதம் அண்ணையிடம் சொன்னேன். சுவிட்சில் விரலை வைத்தேன். அதில் கஜனின் விரல் பட்டபிறகு வேறு யாருடைய விரலும் படவில்லை. அழுத்தினேன். மிக்சிச் சத்தத்தில் எனக்கே அந்த டக் கேட்கவில்லை.

சிவப்புப் போனதும் அறை ஒரு சாதாரணப் பிள்ளையின் அறையாகிவிட்டது. கட்டில், கசங்கிய ரீசேர்ட், சுவரில் சாய்ந்த கிரிக்கெட் மட்டை. அதுவரைக்கும் அவை ஒன்றும் என் கண்ணில் பட்டிருக்கவில்லை.

யன்னல் சீலையை விலக்கி, பகல் வெளிச்சத்தில் வேலை செய்தேன். பல்பு ஆறும்வரை காத்திருந்து கழற்றினேன். கருகிய பலகைக்குக் கீழே தகடு அடித்தேன். கஜன் வாங்கிவைத்த கம்பிக் கூட்டைப் பையிலிருந்து எடுத்து, அதற்குள் பீங்கான் ஹீட்டரைப் பூட்டினேன். கோப்பைக்குள் இருந்த வயரைத் துடைத்து, பாம்பு படுக்கிற உயரத்தில் இரண்டு இடத்தில் இறுக்கினேன். சூட்டுப் பக்கம் ஒரு வெப்பமானி, குளிர்ப் பக்கம் ஒன்று. பவர் போர்டைத் தரையிலிருந்து தூக்கிச் சுவரில் பொருத்தி, வயருக்கு வயிறு வைத்தேன். பழைய பல்பை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு துவாயில் சுற்றிக் கட்டிலில் வைத்தேன்.

பிறகு சட்டப்படி கதிரையைப் போட்டு இருந்தேன். மிக்சி இன்னும் இரைந்துகொண்டிருந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை என்பது சத்தத்திலேயே தெரிந்தது. அது அரைக்கிற சத்தம் இல்லை.

சிவபாதம் அண்ணை பக்கத்தில் தரையில் இருந்தார். "வெளிச்சம் இல்லாம இது வேலை செய்யுதெண்டு எப்பிடித் தெரியும்?"

"கண்ணாடியிலை கையை வையுங்கோ அண்ணை."

வைத்தார். சூடு ஏறியது. நான் அறிந்த மனிதர்கள் எல்லாரும் சூடு ஏறியதும் கையை எடுத்துவிட்டு, "ஓம், சரி" என்பார்கள். அவர் எடுக்கவில்லை. சூடு ஏறி, தானாக நின்று, கண்ணாடி மெல்ல ஆறி, திரும்பச் சூடாகும்வரை அப்படியே வைத்திருந்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைத்த கைபோல அது இருந்தது.

குசினியில் இருந்து மோட்டார் கருகிய மணம் வந்தது. நிலானி பாம்பை என்னிடம் தந்துவிட்டு ஓடிப்போய் மிக்சியை நிறுத்தினாள். வீடு அமைதியாகியது. அதற்குப் பிறகுதான் அக்கா அழுகிற சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு ஆம்பிளைகளும் ஒரு பாம்பும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எதையாவது சொல்லி ஆட்களைச் சிரிக்கவைப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே மருந்து. அன்றைக்குப் பையில் அது இருக்கவில்லை.

"நீ இனிப் போகலாம் தம்பி," என்றார் சிவபாதம் அண்ணை.

இடியப்பத்தை மார்லீன் வந்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார். சில கிழமை கடையின் பின்னறையில் வைத்து, தானே புண்ணுக்கு மருந்து பூசினார். தோல் ஒருமுறை உரிந்தது, பிறகும் உரிந்தது. முதுகில் ஒரு தழும்பு மட்டும் நின்றது. பாம்பைத் திருப்பிக் கொடுக்கப் போனவர் என் வேலையையும் பார்த்துவிட்டு வந்தார். "வயர் நன்றாகத் தொங்குகிறது," என்றார். அவ்வளவு வருசத்தில் அவர் வாயால் கேட்ட ஒரே பாராட்டு அது. அதை அனுபவிக்க முடியாத மாதிரி ஒரு வீட்டில் கிடைத்தது.

பாம்பு இன்னும் கடைப் பின்னறையில் இருக்கும்போதே முப்பத்தொன்று வந்தது; என்னையும் அழைத்திருந்தார்கள். போனேன். கஜனின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. அவனுக்குப் பிடித்தது என்று எல்லாம் சமைத்துப் படைத்திருந்தார்கள். தவமணி அக்காவே வரிசையாக வந்து பரிமாறினார். எனக்குப் பக்கத்தில் இருந்தவருக்குச் சோறு வைத்தார். அடுத்தது நான். அக்கா கறிச்சட்டியை நிலானியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நிலானி எனக்கு அளவுக்கு மிஞ்சிப் பரிமாறினாள். நான் அத்தனையையும் சாப்பிட்டேன். கிளம்பும்போது அந்த அறையைக் கடந்துதான் போகவேண்டும். கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. கதவோரம் ஒரு பாய் சுருட்டி வைத்திருந்தது.

சில மாதங்கள் போயின. ஒருநாள் மத்தியானம், கடையில் நான் ஆமைத் தொட்டி கழுவிக்கொண்டிருந்தபோது தவமணி அக்கா வந்தார். தனியாக, பஸ் பிடித்து. பாம்புக்கு உறைந்த எலி வாங்க. முந்தி நிலானிதான் வருவாள். இப்போது அந்தப் பிள்ளை வேலைக்குச் சிட்னிக்குப் போய்விட்டதாம். அக்கா எலிப் பொதியை ஒரு கையில், மளிகைக் கடைப் பையை மறு கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, நீங்களே குடுக்கிறீங்களோ?"

"இடுக்கியாலை பிடிச்சுக் குடுக்கிறன். முதல் பயமாக் கிடந்தது. இப்ப என்னைக் கண்டா தலையைத் தூக்கும். ஹீட்டரும் ஒழுங்கா வேலை செய்யுது. அவர் ஒவ்வொருநாளும் கையை வைச்சுப் பாக்கிறவர்."

சந்தோசத்தில் என் பழைய வாய் திறந்துகொண்டது. "அப்ப இனி என்ர வேலையை உங்களுக்குத் தந்துடுவினம் போல," என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. எலிப் பொதியைப் பைக்குள், மரக்கறிக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு என் முகத்தை நேரே பார்த்துச் சொன்னார்:

"நீ ஒண்டும் பிழையாச் செய்யேல்லைத் தம்பி. பாம்பு சுகமாக் கிடக்கு, அது உன்னாலைதான். ஆனா உன்ர முகத்தைப் பாக்க என்னாலை ஏலாமக் கிடக்கு. இனி நான் வரேக்கை நீ பின்னறைக்குள்ளை போய் நில்."